நாலரை மாதப் பாப்பா பகலில் அரை மணி நேரத்தில் எழுந்துவிடுகிறாள். அழவிடாமல் பழக்க முடியுமா?

கண்சொக்கி:

வணக்கம். பாப்பாவுக்கு நாலரை மாதம். நிறைமாதத்தில் பிறந்தவள், எடை நன்றாக ஏறுகிறது, டாக்டர் ஒரு குறையும் சொல்லவில்லை. இரவில் இரண்டு முறை பாலுக்கு எழுவாள், குடித்த கையோடு தூங்கிவிடுவாள். அதில் எனக்குப் புகார் இல்லை. பகல்தான் பாடு.

தோளில் போட்டு நடந்து, முதுகைத் தட்டி, கை மரத்துப் போகும்வரை ஆட்டி, ஒருவழியாகத் தூங்கிவிட்டாள் என்று தொட்டிலில் விட்டால் 30 நிமிடம். மிஞ்சிப் போனால் 35. அதற்கு மேல் ஒரு நாளும் போனதில்லை. எழும்போது சிரித்துக்கொண்டே எழுந்தால்கூடப் பரவாயில்லை. இன்னும் தூக்கம் மிச்சமிருக்கிற முகத்தோடு, கண்ணைக் கசக்கிக்கொண்டு அழுவாள். அதே பாப்பா என் மடியில் ஒன்றரை மணி நேரம் அசையாமல் தூங்குகிறாள். அப்படியென்றால் அவளுக்குத் தூங்கத் தெரியாமல் இல்லை, தொட்டில்தான் ஆகவில்லை என்று தோன்றுகிறது.

ஒரு பகலில் இப்படி ஐந்தாறு துண்டுத் தூக்கம். அவளைத் தூங்க வைக்க ஆகும் நேரமும் அவள் தூங்கும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்த அரை மணியில் குளிப்பதா, சாப்பிடுவதா என்று தினமும் யோசித்தே பாதி நேரம் போகிறது.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. மாமியார் குப்புறப் படுக்க வைக்கச் சொல்கிறார், அப்படிப் போட்டால் அசையாமல் தூங்குமாம். கணவர் "பத்து நிமிடம் அழட்டுமே, தானாகத் தூங்கிவிடுவாள்" என்கிறார். சொல்லிவிட்டு இரண்டாவது நிமிடமே ஓடிப்போய்த் தூக்குவதும் அவர்தான்! எனக்கு அழவிட மனமில்லை. மெதுவாகப் பழக்கிப் பகல் தூக்கத்தை நீட்ட வழி உண்டா? இந்த வயதில் அதை எதிர்பார்க்கலாமா?

புதுஅப்பா:

எங்கள் வீட்டிலும் இதே கதைதான், அதனால் பதிலுக்காக நானும் காத்திருக்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒரு தூக்கத்துக்கும் அடுத்த தூக்கத்துக்கும் நடுவில் பாப்பா எவ்வளவு நேரம் விழித்திருக்கிறாள்? அறை இருட்டாக இருக்குமா?

கண்சொக்கி:

நேரம் பார்த்ததில்லை. கண்ணைக் கசக்கினால் தூக்கிக்கொள்வேன். சில சமயம் இரண்டரை மணி நேரம்கூட விளையாடிக்கொண்டிருப்பாள், சில சமயம் ஒரு மணி நேரத்திலேயே நான் படுக்க வைத்துவிடுவேன். அறை வெளிச்சமாகத்தான் இருக்கும். பகலில் இருட்டாக்கினால் இரவு எது, பகல் எது என்று குழம்பிவிடும் என்றார்கள்.

ரெண்டுகுட்டிஅம்மா:

நிதானமாக எழுதுகிறேன், நீளமாகப் போனால் மன்னித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரை வளர்த்தாயிற்று, இரண்டு பேரும் இந்த விஷயத்தில் நேர் எதிர்.

நாலு மாதத்தில் அரை மணித் தூக்கம் என்பது கோளாறே இல்லை. குழந்தைக்குத் தூக்கத்தின் ஒரு சுற்று ஏறக்குறைய 45, 50 நிமிடம்தான். அந்தச் சுற்று முடிகிற இடத்திலோ, நடுவில் தூக்கம் லேசாகிற இடத்திலோ பாதி விழிப்பு வரும். நமக்கும் வரும். புரண்டு படுத்து, போர்வையை இழுத்துக்கொண்டு தூங்கிவிடுவோம், காலையில் ஞாபகம்கூட இருக்காது. உங்கள் பாப்பாவுக்கு அந்தப் பாதி விழிப்பில் இருந்து திரும்பித் தூக்கத்துக்குள் போகத் தெரியவில்லை. மடியில் தூங்கும்போது உங்கள் சூடும் மூச்சும் அவளைத் திரும்ப உள்ளே அனுப்பிவிடுகின்றன. அதனால் தொட்டில் மேல் பழி போடாதீர்கள்.

இரவில் இது ஏன் நடப்பதில்லை என்று கேட்பீர்கள். இரவில் இரண்டு விஷயங்கள் சேர்ந்து தூக்கத்தை இழுத்துப் பிடிக்கும். விழித்திருந்த களைப்பு ஒன்று, உடம்பின் கடிகாரம் இன்னொன்று. அந்தக் கடிகாரம் இரண்டு மூன்று மாதத்தில் இரவைப் புரிந்துகொள்ள ஆரம்பித்துவிடுகிறது. பகலில் களைப்பு மட்டும்தான் துணை. அதனால்தான் இரவுத் தூக்கம் முதலில் ஒழுங்குக்கு வருகிறது, பகல் தூக்கம் பின்னாலேயே மெதுவாக வருகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்து ஆறு மாதத்தில் தானாகவே நீள ஆரம்பிக்கும். நாம் செய்யக்கூடியது அதற்குக் கொஞ்சம் வழி விடுவது, அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்டு இறங்கினால் ஏமாற்றம் குறைவு.

சரி, என்ன செய்யலாம்? ஐந்தாறு தூக்கத்தையும் திருத்தக் கிளம்பாதீர்கள், நாளில் ஒன்றை மட்டும் எடுங்கள். காலையில் எழுந்த பிறகு வருகிற முதல் தூக்கம்தான் சுலபம், அப்போது பாப்பாவும் நொந்திருக்க மாட்டாள், நீங்களும் நொந்திருக்க மாட்டீர்கள். மற்றதெல்லாம் மடியோ தோளோ, எப்படி வருகிறதோ அப்படி நடக்கட்டும். ஒரு தூக்கத்துக்கு மட்டும் பயிற்சி என்றால் நம் பொறுமையும் தாங்கும்.

நேரம் முக்கியம். இந்த வயதுக்கு விழித்திருக்கும் நேரம் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். காலை முதல் தூக்கத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்குப் பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். கண் திறந்த நேரத்திலிருந்து கணக்கு, தொட்டிலிலிருந்து தூக்கிய நேரத்திலிருந்து இல்லை. ஒரு மணி நேரத்திலேயே போட்டால் களைப்பு போதாது, அரை மணியில் எழத்தான் செய்வாள். இரண்டரை மணி நேரம் போனால் களைப்பு முற்றிப்போய் விறைத்துக்கொண்டு அழுவாள், தூங்க வைப்பதே போராட்டம். கண்ணைக் கசக்கும்வரை காத்திருக்க வேண்டாம், அதற்கு முன்பே வேறு குறிகள் வரும். பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், ஒரே இடத்தை வெறித்துப் பார்ப்பாள். என் சின்னவனுக்குப் புருவம் லேசாகச் சிவக்கும். அதைப் பார்த்த உடனே திரைச்சீலையை இழுத்துவிடுவேன்.

அறையை இருட்டாக்குங்கள், தயங்கவே வேண்டாம். நாலு மாதக் குழந்தைக்கு வெளி உலகம் அவ்வளவு சுவாரசியம்! பாதி விழிப்பில் கண் திறந்தால் பார்க்க ஒன்றும் இருக்கக் கூடாது. விழித்திருக்கும் நேரத்தில் நல்ல வெளிச்சத்தில் இருந்தால் போதும், பகல் இரவு குழப்பம் வராது.

அப்புறம் தூங்குவதற்கு முன் ஒரே வரிசை. டயப்பர் மாற்று, திரையை மூடு, ஒரே பாட்டு. ஐந்து பத்து நிமிடம் போதும். பாலைத் தூங்கி எழுந்தவுடன் கொடுத்துப் பாருங்கள், அப்படிச் செய்தால் பாலும் தூக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாது. ஆனால் பசி என்று தெரிந்தால் கொடுத்துவிடுங்கள். பசியோடு எந்தப் பயிற்சியும் நடக்காது. பால் குடித்துக்கொண்டே தூங்குவது குற்றமும் இல்லை.

இப்போது முக்கியமான இடம். நீங்கள் ஆட்டுவதைத் திடீரென்று நிறுத்தாதீர்கள், ஒவ்வொரு படியாகக் குறையுங்கள். முதலில் சில நாள், முழுவதும் தூங்கும்வரை ஆட்டாமல், இமை கனத்துக் கீழே வரும்போது ஆட்டுவதை நிறுத்திவிட்டுச் சும்மா பிடித்துக்கொண்டு நில்லுங்கள். அது பழகிய பிறகு அந்த அரைத் தூக்கத்திலேயே தொட்டிலில் விடுங்கள். விடுகிற விதத்திலும் ஒரு பக்குவம் உண்டு. தலை முதலில் போனால் விழுகிற மாதிரித் திடுக்கிட்டு இரண்டு கையையும் விரிப்பாள், எல்லாம் போச்சு. உங்கள் நெஞ்சோடு அணைத்தபடியே குனிந்து, முதலில் பாதம், பிறகு பிட்டம், முதுகு, கடைசியில் தலை. தலைக்குக் கீழே இருக்கிற கையை உடனே உருவாதீர்கள். மற்ற கை நெஞ்சின் மேல் இருக்கட்டும், லேசான கனத்தோடு. விரல்களைப் பாருங்கள். மூடிய பிடி தளர்ந்து, உள்ளங்கை திறந்துகொண்டால் ஆழமாகப் போய்விட்டாள் என்று அர்த்தம். முன்கையை ஒரு விரலால் தூக்கி விட்டால் துணி போல விழும். அப்போது கையை எடுங்கள், முதலில் கனத்தை, பிறகு கையை.

அழுதால்? தூக்குங்கள். இதில் அழவிடுவது என்பதே இல்லை. அமைதியானதும் மறுபடி விடுங்கள். இரண்டு மூன்று தரம் ஆகியும் ஒத்துவரவில்லை என்றால் அன்றைக்கு அவ்வளவுதான், ஆட்டியே தூங்க வையுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி நீங்கள் கேட்ட நீட்டிக்கும் வேலை. 30 நிமிடத்தில் எழுவாள் என்று தெரிந்துவிட்டது, இல்லையா? 25-ஆவது நிமிடமே பக்கத்தில் போய் உட்காருங்கள். கைபேசி வேண்டாம், அந்த வெளிச்சம் போதும் அவளுக்கு. முதலில் மூச்சின் தாளம் மாறும், காலை உதைப்பாள், தலையை இருபக்கமும் தேய்ப்பாள், முனகுவாள். அந்த முனகலுக்கு ஓடிப்போய்த் தூக்கிவிடாதீர்கள், பல சமயம் அது தூக்கத்துக்குள்ளேயே வருகிற சத்தம். நெஞ்சில் கையை வைத்து, அதே பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஒரு நிமிடம் பொறுங்கள். அழுகையாக மாறினால் தூக்கித் தோளில் போட்டு மீதித் தூக்கத்தை அங்கேயே தூங்க விடுங்கள். அதுவும் வெற்றிதான், நீண்ட தூக்கம் என்கிற பழக்கம் உடம்புக்கு வருகிறது. பத்து பதினைந்து நிமிடம் பார்த்தும் கண் பளிச்சென்று திறந்திருந்தால் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். இருட்டறையில் இருவரும் மல்லுக்கட்டினால் தொட்டிலைக் கண்டாலே இருவருக்கும் வெறுப்புதான் வரும்.

என் பெரியவளுக்கு இது அழகாக வேலை செய்தது. சின்னவனுக்கு ஆறு மாதம் முடியும்வரை பாதிக்குப் பாதிதான்.

இரவுப்பணி:

பச்சிளம் குழந்தைகள் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். மேலே அக்கா சொன்ன எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடு. மாமியார் சொன்னதைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

குப்புறப் போட்டால் குழந்தை நன்றாகத் தூங்கும் என்று அவர் சொல்வது பொய் இல்லை. உண்மையிலேயே ஆழமாகத் தூங்கும், எளிதில் விழிக்காது. ஆபத்தே அதுதான். மூச்சுக்குத் தடை வந்தால் விழித்துக்கொள்கிற திறன்தான் அந்த வயதுக்குக் காவல். குப்புறப் படுத்தால் அது மழுங்கிவிடுகிறது. 1992-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு குழந்தைகளைக் குப்புறப் படுக்க வைக்க வேண்டாம் என்றது, 1994-இல் அங்கே நாடு முழுக்கப் பிரசாரம் நடந்தது. அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில் அங்கே காரணம் தெரியாத திடீர் சிசு மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. அந்த மரணங்கள் அதிகம் நடப்பது முதல் நாலு மாதத்தில், பெரும்பாலானவை ஆறு மாதத்துக்குள். உங்கள் பாப்பா இன்னும் அந்தக் காலத்துக்குள்தான் இருக்கிறாள். மாமியாரிடம் "நீங்கள் சொல்வது சரி, தூங்கும், ஆனால் டாக்டர் ஒத்துக்கொள்ள மாட்டார்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் பிள்ளை வளர்த்த காலத்தில் பல இடங்களில் மருத்துவர்களே குப்புறப் போடச் சொன்னார்கள், அதனால் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பகல் தூக்கம்தானே என்று தளர்த்திவிடக் கூடாது. மல்லாக்க, சமமான, கெட்டியான மெத்தை. தலையணை, பொம்மை, தளர்ந்த போர்வை எதுவும் தொட்டிலில் வேண்டாம். துணியில் சுற்றிப் படுக்க வைக்கிற பழக்கம் இருந்தால், புரண்டு படுக்க முயலும் அறிகுறி தெரிந்த அன்றே நிறுத்துங்கள். நாலரை மாதம் என்றால் இன்றைக்கோ நாளைக்கோ வரலாம். கனம் வைத்துத் தைத்த தூக்கப் பைகளை 2022-லிருந்து அதே அமைப்பு வேண்டாம் என்கிறது. கார் இருக்கையிலோ ஊஞ்சல் இருக்கையிலோ தூங்கிவிட்டால், எழுந்தாலும் பரவாயில்லை என்று சமமான இடத்துக்கு மாற்றுங்கள், தலை முன்னால் சாய்ந்தால் மூச்சுக்குழாய் மடங்கும். சோபாவில் மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் தூங்கிவிடுவது எல்லாவற்றிலும் மோசம். களைப்பாக இருக்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன்.

வொயிட் நாய்ஸ் கருவியை (தூங்குவதற்காக ஒரே சீரான இரைச்சல் எழுப்புவது) யாரும் பரிந்துரைக்கும் முன்பே ஒரு வார்த்தை. உதவும். ஆனால் தொட்டிலில் கட்டித் தொங்கவிடாதீர்கள். 2014-இல் குழந்தைகளுக்கான 14 கருவிகளை அளந்து பார்த்தார்கள், முழு ஒலியில் 30 சென்டிமீட்டர் தூரத்தில் அத்தனையும் 50 டெசிபலைத் தாண்டின. அறையின் அடுத்த கோடியில் வைத்து, ஷவர் சத்தத்தை விடக் குறைவாக வையுங்கள்.

படுக்க வைத்தாலே முதுகை வளைத்து அழுவது, பால் நிறைய எதிர்த்து வருவது, குறட்டை, மூச்சு இடையில் நிற்பது, தோலில் அரிப்பு, எடை ஏறாமல் இருப்பது, இவற்றில் எது இருந்தாலும் பயிற்சியை மூட்டை கட்டிவிட்டு முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். புதுஅப்பா, உங்கள் குழந்தை குறைமாதத்தில் பிறந்திருந்தால் மாதக் கணக்கைப் பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து போடுங்கள்.

மடித்தூக்கம்:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், சண்டைக்கு இல்லை. மடியில் ஒன்றரை மணி நேரம் தூங்குகிறாள் என்றால் தூங்க விடுங்களேன். நீங்கள் விழித்திருக்கும்வரை அதில் என்ன கெடுதல்? "பழகிவிட்டால் விடமாட்டாள்" என்பார்கள். என் மகள் ஆறாவது மாதம் வரை என் மேல்தான் தூங்கினாள். அதன் பிறகு என் மேல் படுத்தால் வேடிக்கை பார்க்கத்தான் ஆசை, தூங்கத் தொட்டில்தான் வேண்டும் என்று அவளே இறங்கிவிட்டாள்.

அழவிட்டுப் பழக்கும் தூக்கப் பயிற்சிக்கு ஆதரவாகக் காட்டப்படும் ஆய்வுகளைக் கொஞ்சம் கவனியுங்கள். 2016-இல் ஆஸ்திரேலியாவில் நடந்தது அடிக்கடி பேசப்படுகிறது. அதில் இருந்தவை 6 முதல் 16 மாதம் வரையிலான 43 குழந்தைகள், பார்த்தது இரவுத் தூக்கத்தை. நாலரை மாதக் குழந்தையின் பகல் தூக்கத்துக்கு அதை அப்படியே கொண்டுவந்து பொருத்த முடியாது. அதனால் உங்கள் கணவரின் பத்து நிமிட யோசனைக்கு இந்த வயதில் பலமான ஆதாரம் ஒன்றும் கிடையாது. அவர் இரண்டாவது நிமிடத்தில் தூக்குவது நல்லதுதான்!

ரெண்டுகுட்டிஅம்மா:

மடித்தூக்கம் சொல்வதில் எனக்குச் சண்டை இல்லை. மடியில் தூங்க வைக்க நேரமும் ஆளும் இருந்தால் அதுவே போதும். எனக்கு இரண்டாவது பிறந்தபோது பெரியவளுக்கு இரண்டு வயது. மடியில் ஒருவனை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால், இன்னொருத்தி அதற்குள் வீட்டைத் தலைகீழாக்கியிருப்பாள். வசதிக்காகச் செய்வதை வசதிக்காக என்றே சொல்லலாம், குழந்தைக்கு அது அவசியம் என்று கதை கட்ட வேண்டியதில்லை.

கண்சொக்கி:

கொஞ்ச நாள் கழித்து வந்திருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி, பெயர் சொல்லிச் சொன்னால் நீண்டுவிடும்.

இருட்டும் நேரக் கணக்கும்தான் முதலில் பலன் தந்தன. இதுவரை நான் அவளைப் பெரும்பாலும் சீக்கிரமாகவே படுக்க வைத்திருக்கிறேன் போல, ஒன்றே முக்கால் மணி நேரம் விழித்திருந்தால் தூங்க வைக்க ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை. பாதம் முதலில் என்கிற விஷயத்தைக் கணவரிடம் காட்டினேன், இப்போது என்னைவிட அவர்தான் நன்றாக இறக்கி வைக்கிறார். மாமியாரிடம் இரவுப்பணி எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். "அப்போ எங்கள் காலத்தில் டாக்டர் சொன்னது?" என்று கேட்டார், பிறகு குப்புறப் பேச்சை எடுக்கவில்லை.

25-ஆவது நிமிடத்தில் போய் உட்காருவது பல நாள் தோல்விதான். ஆனால் காலைத் தூக்கம் சில நாள் ஒரு மணி நேரத்தைத் தாண்டுகிறது. ஒரு நாள் நான் போவதற்குள் முனகிவிட்டுத் தானாகவே திரும்பித் தூங்கிவிட்டாள், நான் கதவோரமே நின்றுவிட்டேன். மதியத் தூக்கத்துக்கு மடிதான், மடித்தூக்கம் சொன்னபடி குற்ற உணர்ச்சி இல்லாமல்.

கடைசியாக ஒரு கேள்வி. மாலைத் தூக்கம் மட்டும் இன்னும் மோசம். என்ன செய்தாலும் தொட்டிலில் நிற்பதில்லை. அதற்கும் இதே முறைதானா?

ரெண்டுகுட்டிஅம்மா:

மாலையை விட்டுவிடுங்கள். நாளின் கடைசித் தூக்கம் பெரும்பாலான குழந்தைகளுக்குக் குட்டையாகத்தான் இருக்கும், அது இரவுவரை தாக்குப்பிடிக்க ஒரு இடைத் தூக்கம். நெஞ்சோடு கட்டிக்கொள்கிற பையில் வைத்து நடங்கள். அவள் முகம் எப்போதும் உங்களுக்குத் தெரிய வேண்டும், தாடை நெஞ்சில் ஒட்டக் கூடாது. வயது ஏற ஏற இந்தத் தூக்கமே நின்றுவிடும். அதுவரை மாலையில் அரை மணிக்கு மேல் தூங்கினால் நீங்களே எழுப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் இரவு படுக்கிற நேரம் தள்ளிப்போகும்.